ஆபீஸ் அவர்ஸ்னா என்ன சார்?

அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் வகுப்பிலேயே பேராசிரியர் ஒரு தாளை நீட்டிவிடுவார். பாடங்கள், பரீட்சைத் தேதிகள், எதற்கு எத்தனை மார்க் எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு வரி: 'ஆபீஸ் அவர்ஸ் - செவ்வாய், 2 முதல் 4 வரை.'

இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? 'அந்த நேரத்தில் சார் வேலையா இருப்பார், தொந்தரவு பண்ணாதே' என்றுதானே? ஏழைக் குடும்பங்களிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பல பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். அர்த்தமோ நேரெதிர். அது மாணவர்களுக்காகவே கதவு திறந்திருக்கும் நேரம். பாடம், வேலை, மேற்படிப்பு, எதைப் பற்றியும் போய்ப் பேசலாம். எத்தனை மணிக்கு என்று சொல்கிறார்கள், என்னவென்று மட்டும் யாரும் சொல்வதில்லை!

ஆன்டனி ஆப்ரகாம் ஜாக் 2019-ல் எழுதிய 'தி பிரிவிலெஜ்டு புவர்' புத்தகம் இந்த மாதிரி சின்னச் சின்ன மௌனங்களைத்தான் தோண்டுகிறது. ஜாக் கறுப்பினச் சமூகவியலாளர். மயாமியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயரை மறைத்து ஒரு பணக்காரப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். கறுப்பினம், லத்தீனோ, வெள்ளையினம் என்று எல்லோரும் உண்டு. பலர், நம்மூரில் தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்குகிறோமே, அந்த 'முதல் பட்டதாரி' வகை.

புத்தகத்தின் சரக்கு இங்கேதான். ஏழை மாணவர்களை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு சாரார் ஸ்காலர்ஷிப்பில் பெரிய தனியார் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள். இன்னொரு சாரார் தங்கள் பேட்டையின் சாதா அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். வீட்டு வறுமை இருவருக்கும் ஒன்றே. ஆனால் முதல் வகையினர் பேராசிரியரின் அறைக்குள் சகஜமாக நுழைகிறார்கள். இரண்டாம் வகையினருக்கு அது காக்கா பிடிக்கிற வேலை! 'நான் எழுதின பேப்பர் பேசட்டும், நான் எதுக்குப் போய்ப் பல்லிளிக்கணும்?' என்கிற மானஸ்தர்கள். 'அவங்க கலாச்சாரமே அப்படி' என்று இன்னமும் சொல்கிறவர்களுக்கு இது சரியான பதில். வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, படித்த பள்ளியில் இருக்கிறது.

அறைக்குள் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், கணக்கில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கடையை விற்கும்போதுதான் விலை தெரியும். பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் அந்த மாதிரி. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு இடம், கோடையில் ஒரு இன்டர்ன்ஷிப், வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் எல்லாம் அதை வைத்துத்தான் கிடைக்கின்றன. ஜார்ஜ் கூ என்கிற கல்வி ஆய்வாளர் 2008-லேயே எழுதினார்: இப்படிப்பட்ட அனுபவங்களால் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் கூடுதல் லாபம், ஆனால் அவர்களுக்குத்தான் அவை குறைவாகக் கிடைக்கின்றன.

ஜாக் காட்டும் இன்னொரு காட்சி மனசை என்னவோ செய்கிறது. கல்லூரி திறக்கும் முன்பே புது மாணவர்கள் பழகிக்கொள்ள முகாம்கள் நடக்கும். ஒரு கோஷ்டி மலையேறப் போகும், ஒரு கோஷ்டி நாடகம் போடும். இன்னொரு கோஷ்டி சக மாணவர்களின் கக்கூசைக் கழுவும். அதற்குச் சம்பளம் உண்டு. எந்தக் கோஷ்டியில் யார் சேர்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எனக்கு எங்கே இடிக்கிறது? பேராசிரியர்கள் ஆபீஸ் அவர்ஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டும் என்கிறார் ஜாக். நியாயம்தான். ஆனால் விளக்கிய பிறகும் கதவு வரை நடந்து போக வேண்டியது அந்தப் பையன்தானே? ஜாக் பார்த்ததோ விடுதியும் நிதியும் நிரம்பிய பெரிய இடம். கறுப்பின, லத்தீனோ மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது அங்கே இல்லை, சாதாரண மாநிலக் கல்லூரிகளிலும் கம்யூனிட்டி காலேஜ்களிலும். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவர்களில் பலர் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நிற்பார்கள். விளக்கம் கேட்க ஆளே இருக்காது.

பால்டிமோர் பக்கத்தில் யு.எம்.பி.சி. என்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1988-ல் ஃப்ரீமன் ஹ்ரபாவ்ஸ்கி தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம் அது. 'வேணும்னா வந்து கேளு' என்ற பேச்சே கிடையாது. ஸ்காலர்ஷிப், வகுப்புக்கு முந்தைய கோடைப் பயிற்சி, கூட்டுப் படிப்பு, ஆராய்ச்சிக்கூட வேலை எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். கொரோனா நேரத்தில் மாடர்னா தடுப்பூசியை உருவாக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான கிஸ்மெகியா கார்பெட் இதில் படித்து 2008-ல் வெளியே வந்தவர்.

கறுப்பின இளைஞர்களுக்கென்று ஆரம்பித்த இத்திட்டம் 1996-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரி சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்ன பிறகு, இதைக் கவனிக்க இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. 'அது ஹ்ரபாவ்ஸ்கியின் தனித்திறமை, வேற ஊர்ல நடக்காது' என்றுகூடத் தோன்றலாம். பென்சில்வேனியாவிலும் நார்த் கரோலினாவிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் அதே திட்டத்தை நட்டுப் பார்த்தன. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ரிசல்ட் வந்தது. இரண்டு இடத்திலும் வேர் பிடித்திருந்தது.