பப்பாளி இலையும் பிளேட்லெட் கணக்கும்

ஐப்பசி மழை தொடங்கினால் போதும், பப்பாளி இலைச் சாறு பற்றிய வாட்ஸ்அப் தகவல் மறுபடி சுற்றுக்கு வந்துவிடுகிறது. டெங்கு கண்டவருக்கு 20,000 ஆக இறங்கிய பிளேட்லெட், சாறு குடித்த இரண்டே நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டியதாம். நம்பலாமா?

இணையத்தில் வரும் மருத்துவத் தகவலை எடைபோட வழக்கமாகச் சொல்லித்தரும் வழிகள் இரண்டு: அரசு சொல்கிறதா என்று பார், ஆய்விதழில் வந்திருக்கிறதா என்று பார். பப்பாளி இலை இரண்டிலுமே தேறிவிடுகிறது. 2012இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரோடு பப்பாளி இலைச் சாற்றையும் மாநில அரசே பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு, மலேசியாவில் 228 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. மூன்று நாள் சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் ஏறியதாக அது சொன்னது. ஆகவே, தகவலை அனுப்பிய பெரியப்பாவைப் புரளி பரப்புகிறவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வுக்குள் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. யாருக்குச் சாறு கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. பிளேட்லெட்டை எண்ணுவது கருவிதான் என்பதால் இதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். பெரிய குறை வேறு. அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிகள் அதில் இல்லை. வெற்றிக்கு அளவுகோலாகக் கொண்டதும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான்.

டெங்குவில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது அந்த எண்ணிக்கை அல்ல. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் விழுகிறது. வார்டில் மருத்துவர்கள் பிளேட்லெட்டோடு, ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் ‘பிசிவி’யையும் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ரத்த வங்கியிலிருந்து பை பையாக ஏற்றியே பெரிய பயன் இல்லையென்றால், அதே எண்ணை இலைச் சாறு உயர்த்திக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

‘எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. டெங்குவில் காய்ச்சல் விடும் சமயத்தை ஒட்டிப் பிளேட்லெட் தரைதட்டுகிறது. ஆபத்தான ஓரிரு நாள் கழிந்ததும் தானாகவே ஏறுகிறது. எண் சரிந்ததைப் பார்த்துப் பயந்த பிறகுதான் யாரும் பப்பாளி மரத்தைத் தேடிப் போகிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுகிறது.

குடித்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சாறு கடுங்கசப்பு, குமட்டும். விடாத வாந்தியோ டெங்கு முற்றுவதன் அறிகுறிகளில் ஒன்று. எது எதனால் என்று வீட்டில் இருப்பவருக்குப் பிரித்தறிய முடியாது. அதைவிடக் கெடுதல், அது தரும் தைரியம். காய்ச்சல் விட்டது, சாறும் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாகும் அதே நேரத்தில்தான் நீர்க்கசிவு தொடங்குகிறது.

என் தீர்ப்பு இது: சாறு பிளேட்லெட்டைக் கொஞ்சம் முன்கூட்டி ஏற்றலாம் என்பதற்குப் பலவீனமான சான்று உண்டு; உயிரைக் காக்கும் என்பதற்கு அந்த ஆய்வில் சான்று இல்லை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்பவைக்கிறது அந்தத் தகவல். சொன்னது யார், எந்த இதழில் வந்தது என்று மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாறுவார். எதை அளந்தார்கள், நமக்கு வேண்டியது அதுதானா என்று கேட்பவர் தப்பிப்பார்.

காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும், பிளேட்லெட் எத்தனை என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.