சாரெவெத்ஸ் கோட்டை: மீட்டமைப்பு குறித்த திறனாய்வு

பல்கேரியாவின் வெலிகோ தர்னோவோ நகரில், யாந்திரா ஆறு வளைத்தோடும் குன்றின் மீது சாரெவெத்ஸ் கோட்டை அமைந்துள்ளது. 1185 முதல் 1393 வரை இரண்டாம் பல்கேரியப் பேரரசின் அரசர்களும் சமயத் தலைவர்களும் இங்கிருந்தனர். 1393இல் மூன்று மாத முற்றுகைக்குப் பின் உதுமானியர் இதனைக் கைப்பற்றினர்.

இன்று கண்ணைக் கவரும் கட்டடங்களில் பல 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மீட்டமைப்புப் பணி 1930இல் தொடங்கி, பல்கேரிய அரசின் 1300ஆம் ஆண்டு விழாவான 1981இல் நிறைவுற்றது. 1205இல் சிறைபிடிக்கப்பட்ட இலத்தீன் பேரரசர் முதலாம் பால்டுவின் அடைக்கப்பட்டதாகக் கூறப்படும் கோபுரம் இதற்குச் சான்று. அது செர்வென் கோட்டையில் எஞ்சிய கோபுரத்தைப் பார்த்து 1930களில் எழுப்பப்பட்டது. ஆயினும் பழையது போலவே தோன்றுகிறது.

குன்றின் உச்சியிலுள்ள தேவாலயமும் மீளக் கட்டப்பட்டதே. அதனுள் 1985இல் தியோபான் சொக்கெரோவ் தீட்டிய நவீன ஓவியங்கள் இடத்துக்குப் பொருந்தவில்லை என்பர் சிலர். ஆனால் அவை தம் காலத்தை மறைக்கவில்லை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும், புதிய வேலை தன் காலத்தைக் காட்ட வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். இவ்வளவுகோலின் பின்பகுதியில் தேறுபவை ஓவியங்களே, கோபுரம் அன்று.

அகழாய்வில் 400க்கு மேற்பட்ட குடியிருப்புகளும் 22 தேவாலயங்களும் வெளிப்பட்டன. கோபுரத்தை நோக்கி விரைவோர் கடந்து செல்லும் இந்தத் தாழ்ந்த சுவர்களே கோட்டையின் நம்பகமான வரலாறு. மாணவர் முதலில் பார்க்க வேண்டியவையும் அவையே.