ஒட்டுப் போட்ட டீசல் குழாய்

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியின் அடியில் குனிந்து பார்த்தால், சேஸிஸ் ஓரமாக ஓடும் டீசல் குழாயில் ஓர் ஒட்டு தெரியலாம். மட்டமான வேலை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. டேங்கிலிருந்து ஃபீடு பம்பு வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஒட்டு சரியில்லை என்றால் டீசல் வெளியே சொட்டுவதைவிட, காற்று உள்ளே நுழைவதுதான் நடக்கும். தரையில் ஒரு துளிகூட இல்லாமல் எஞ்சின் இருமி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழைக்கு இடம் கொடுக்காததுதான் கைத்திறன். ஆக்ஸா பிளேடு துகளை உள்ளே உதிர்க்கும் என்று பைப் கட்டரைப் பொறுமையாகச் சுற்றுவதும், பிசிர் நீக்கி, இரு முனைகளையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் நழுவாதபடி முனையைச் சற்றே விரிப்பதும், ரப்பர் வெட்டுப்படாத அளவுக்கே கிளிப்பை முறுக்குவதும் அதில் அடக்கம்.

முழுக் குழாயையே மாற்றினால் என்ன? துருவேறி மெலிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கிளாம்பில் உரசி ஓரிடத்தில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால், மிச்சக் குழாய் என்ன குற்றம் செய்தது? (புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் பிழைப்பதே இந்தக் கேள்வியில்தான்.) இன்ஜெக்‌ஷன் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் கதை வேறு. அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். காமன் ரெயில் வண்டியில் 1,000 பாரையும் தாண்டும். அந்தப் பக்கம் நல்ல மெக்கானிக் கட்டரைக் கொண்டுபோவதே இல்லை.