பெயர் வெட்டிய பாத்திரங்கள்

எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும். பாதியில் அம்மாவின் பெயர். மீதியில் கல்யாணத்துக்குச் செய்முறை செய்த மாமா, சித்தப்பாக்களின் பெயர் இனிஷியலோடும் தேதியோடும். பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெஷினை 'டர்ர்' என்று ஓட்டிப் பெயர் வெட்டித் தருகிறவரின் பெயர் எதிலும் கிடையாது. டம்ளரைச் செய்தவரின் பெயர் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதில் விசேஷமாக ஏதோ இருக்கிறது என்று எனக்கு ரொம்ப காலம் தோன்றியதில்லை. ஒரு கிண்ணத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

அந்தக் கிண்ணத்துக்குக் கிஸாயெமோன் என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் கொரியாவில் வனைந்தது. பழுப்பு மஞ்சள் பூச்சு, சக்கரத்தில் விரல் ஓடிய தடங்கள், அடிக்காலில் பூச்சு சுருங்கித் திரண்ட மணிகள். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இப்போது கியோத்தோவில், தைதோகுஜி கோயிலைச் சேர்ந்த கோஹோ-ஆன் மடத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. 1931இல் இதைப் பார்த்த யனகி சொயெத்சு எழுதிய கட்டுரை, கைவினையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வேதம் மாதிரி ஆகிவிட்டது. பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்துகொண்டே போனால் கடைசியில் இருப்பது ஏழை சோறு தின்கிற வெறும் கிண்ணம். அது வெறும் கிண்ணமாக இருப்பதால்தான் அழகு என்கிறார் யனகி. செய்தவன் படிக்காதவன், அழகைப் பற்றி யோசிக்காதவன், 'நான்' என்பது குறுக்கே வராதவன். (சோற்றுக் கிண்ணம்தானா என்பதையே கொரிய ஆய்வாளர்கள் சிலர் மறுக்கிறார்கள், சடங்குப் பாத்திரம் என்பவர்களும் உண்டு. ஏழையின் சோறு யனகியின் வாதத்துக்குத் தேவைப்பட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.)

எனக்கு இந்த வாதம் மிகவும் பிடித்திருந்தது. எம்.ஏ. முடித்த புதிதில் ஒரு கூட்டத்தில் யனகியையும் பார்த்தையும் ஒட்டுப்போட்டுப் பேசினேன். ஆசிரியன் செத்தால்தான் வாசகன் பிறப்பான், குயவன் அதை எப்போதோ செய்துகாட்டிவிட்டான் என்கிற ரீதியில். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தோழர் மட்டும், "செத்துப் போறதுக்கு முன்னாடி அந்தாளு உயிரோட இருந்தாரா, தோழர்?" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அது கேள்வி.

கிஸாயெமோன் யார்? கிண்ணத்தைச் செய்தவர் அல்ல. ஒஸாகாவில் இருந்த டகேடா கிஸாயெமோன் என்ற வணிகர். ஒரு காலத்தில் அதற்குச் சொந்தக்காரர். அவருக்குப் பிறகு யார் யார் கைக்குப் போயிற்று, மத்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு அதற்கு 550 ரியோ கொடுத்தது வரைக்கும் கணக்கு இருக்கிறது. பெயரே இல்லாத அழகு என்று கொண்டாடப்படும் பொருளின் மேல் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. வாங்கினவன் பெயர். எங்கள் வீட்டு டம்ளர் கதைதான். யனகி இன்னும் ஒரு படி மேலே போகிறார்: கொரியன் செய்தது சோற்றுக் கிண்ணத்தை, அதைத் தேநீர்க் கிண்ணமாகப் படைத்தது பார்க்கத் தெரிந்த ஜப்பானியக் கண். பார்த் சொன்ன வாசகன் பிறந்துவிட்டான், சரி. ஆனால் அந்த வாசகன் பணப்பையோடு பிறந்திருக்கிறான். அதைத்தான் நான் அன்றைக்குப் பார்க்கத் தவறினேன்.

யனகியை ஏகாதிபத்தியவாதி என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தபோது, சியோலின் குவாங்வாமுன் வாயிலை இடிக்கக் கூடாது என்று 1922இல் பகிரங்கமாக எழுதியவர். 1924இல் அந்த நகரத்திலேயே கொரிய நாட்டார் கலைக்கு அருங்காட்சியகம் அமைத்தவர். இருந்தும் கொரியப் பாண்டத்தின் கோட்டில் அவருக்குத் தெரிந்தது சோகம்தான். ஆளப்படுகிறவன் அழகாக அழுகிறான் என்பது ஆளுகிற தேசத்து நல்லவர்களுக்கு ஆறுதலான கண்டுபிடிப்பு. கொரிய விமர்சகர்கள் பிற்பாடு இதைத்தான் பிடித்து உலுக்கினார்கள்.

'பெயர் தெரியாத' கொரியக் குயவர்களில் பலர் வெறுமனே தொலைந்துபோகவில்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவில் நடத்திய போரில் ஜப்பானியப் பிரபுக்கள் குயவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றினார்கள். ஹாகி, சத்சுமா, அரிதா என்று இன்றைக்கு விலையுயர்ந்த பாண்டங்களுக்குப் பேர்போன ஊர்களின் தொடக்கம் அதில் இருக்கிறது. அப்படிப் போனவர்களில் ஒரு பெண். கணவன் இறந்த பிறகு தன் மக்கள் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டிக்கொண்டு அரிதாவுக்குக் குடிபெயர்ந்து சூளை நடத்தியவள். 1656இல், 96 வயதில் இறந்தாள். கொள்ளுப்பேரன் 1705இல் நினைவுக்கல் நட்டான். பெக் பாசொன் என்று இன்று அவளைச் சொல்கிறார்கள். அது பெயர் இல்லை. நூறு வயதுக் கிழவி என்கிற மாதிரி ஒரு சொல். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்லில் ஏறவில்லை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஓர் ஆள் ஞாபகம் வந்தே தீரும். புறநானூற்றின் 66ஆம் பாட்டு வெண்ணிக் குயத்தியார் பாடியது. வென்றவன் கரிகாலன், ஆனால் தோற்று, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவனில்லையா என்று வென்றவன் முகத்துக்கு நேராகவே கேட்கிற பாட்டு. வெண்ணி, ஊர். குயத்தி, தொழில். பெயர் எங்கே? செம்புலப்பெயனீராருக்காவது அவர் சொல்லே பெயராயிற்று. இவளுக்கு அதுவும் இல்லை. வகுப்பில் இதை எங்களுக்கு, சங்க காலத்தில் எல்லாத் தொழிலாரும் புலமை பெற்றிருந்தனர் என்பதற்குச் சான்றாக நடத்தினார்கள். ஒரு மார்க் கேள்வி. கீழடி, கொடுமணல் ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்களைப் பார்த்து நாம் பூரிக்கிறோம்; பூரிக்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலும் அவை பானையைச் சுட்ட பிறகு கீறியவை, சொந்தக்காரர்களின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். இரண்டாயிரம் வருஷமாக வெட்டுகிற மெஷின்தான் மாறியிருக்கிறது.

எதிர்க்கோடிக்குப் போய், எல்லாப் பாண்டத்திலும் கையெழுத்து போடச் சொல்ல எனக்கு ஆசையில்லை. யனகியின் நண்பர் ஹமாதா ஷோஜி பாண்டங்களில் கையெழுத்து போடுவதை விட்டார். பாண்டம் வைக்கிற பெட்டியில் போட்டார். 1955இல் அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. பெயரைத் துறப்பதற்குக்கூட முதலில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

போன வருஷம் மானாமதுரைப் பக்கம் போயிருந்தேன். சட்டிகள் அடுக்கியிருந்த வாசலில் ஓர் அம்மா. மண் சலிப்பது, மிதிப்பது, சந்தைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. சக்கரம் ஆம்பளைங்க தொடுறது என்றார். நான் என் பழைய தியரியின் மிச்சத்தை வைத்துக்கொண்டு, இதில் எது யார் செய்தது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாதில்லையா என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாது தம்பி. எங்களுக்குத் தெரியாமயா?"

அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது எங்க வீட்டுக்காரர் கை, இது கொழுந்தன் கை, அவருக்கு வாய் வெளிய மடங்கும். இது மகன் பழகினப்ப செஞ்சது, அடி கனம், யாரும் வாங்கல. எல்லாம் எடுத்து முடித்ததும், "மண்ணு எல்லாத்துக்கும் நான் மிதிச்சது" என்றார். நான் அந்த அடி கனத்த சட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது பஸ்ஸில் ஏறி, சட்டியை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது.