சொல்லப்படாத கதைக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி

ஆங்கில நாட்டுச் சானல் 4 தொலைக்காட்சி 2012 ஆகஸ்டு 28 அன்று ஒளிபரப்பிய ‘இஸ்லாம்: சொல்லப்படாத கதை’ என்னும் படத்தைக் கண்டித்து எழுதப்பட்டவை ஏராளம். படத்தைப் பார்த்து எழுதியவர்களைக் காட்டிலும் பாராது எழுதியவர்களே மிகுதியோ என்று ஐயுறும் வண்ணம் அவற்றுட் பல அமைந்துவிட்டன. ஒளிபரப்பான அன்றோடு மறைந்துபோகும் பொருளன்று இத்தகைய படம். நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் ஒரு நாள் அது வந்து சேரும். “வாப்பா, இவர் சொல்வது மெய்யா?” என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? நம் கவலை அதைப் பற்றியதே.

படத்தை வழங்கிய டாம் ஹாலண்டு, உரோமரையும் பாரசீகரையும் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். அரபு இலக்கியத்தில் தோய்ந்த அறிஞர் அல்லர். ஆயினும் அவர் ஏசவில்லை, எள்ளவில்லை. இதனை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. அதே 2012 செப்டம்பரில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இழிவான படத்துணுக்கு ஒன்று பல நாடுகளிலும் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. அவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தவர்கள் வசையையும் வினாவையும் பிரித்தறியத் தவறினார்கள்.

ஹாலண்டின் வினா இதுதான்: அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தது கி.பி. 632இல். அவர்களுடைய வரலாற்றை விரிவாக எழுதிய இப்னு இஸ்ஹாக் மறைந்ததோ 767இல். அந்நூலும் 833இல் மறைந்த இப்னு ஹிஷாம் திருத்தியமைத்த வடிவிலேயே பெரிதும் நமக்குக் கிடைத்துள்ளது. இடைப்பட்ட காலத்துக்குச் சான்று எங்கே? இவ்வினாவைத் தொடர்ந்து அவர் மக்காவையே ஐயுறுகிறார். அந்நகரின் பெயர் திருக்குர்ஆனில் ஒருமுறைதான் வருகிறது. ஆலிவும் திராட்சையும் கால்நடையும் பேசப்படுகின்றன. லூத் நபியின் மக்கள் அழிந்த இடத்தைக் காலையும் இரவும் கடந்து செல்வதாகக் கூறப்படுகிறது. ஆகவே இந்நிகழ்ச்சிகள் பாலஸ்தீன எல்லைப் பக்கம் நடந்திருக்கலாகாதோ என்கிறார்.

இதற்கு எழுந்த எதிரொலி யாது? ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. ஹாலண்டுக்கு மிரட்டல்களும் சென்றன. பாதுகாப்பைக் கருதி, தன் தலைமை அலுவலகத்தில் நடத்தவிருந்த சிறப்புக் காட்சியைச் சானல் 4 நிறுத்திவிட்டது. மிரட்டியவர்கள் வென்றதாக நினைத்திருக்கக் கூடும். மறுநாள் செய்தித்தாள்களில் பேசப்பட்டது மக்காவா பாலஸ்தீனமா என்பதன்று. முஸ்லிம்கள் வினாவைப் பொறுப்பார்களா என்பதே. பலவீனமான வாதம் ஒன்று ஆராயப்படாமலே தப்பிப் பிழைத்தது. இது நாமே அதற்குச் செய்த உதவியன்றி வேறென்ன?

பலவீனமான வாதம் என்று சொல்லக் காரணம் உண்டு. லூத் நபியின் மக்களுடைய இடத்தைக் கடந்து செல்வோர் அங்கேயே குடியிருக்க வேண்டுமா? குறைஷிகளின் குளிர்கால, கோடைக்காலப் பயணங்களைத் திருக்குர்ஆனே ஓர் அத்தியாயத்தில் கூறுகிறது. சிரியா செல்லும் வணிகக் கூட்டம் அவ்வழியே போகாமல் எவ்வழியே போகும்? திராட்சைக்குப் பெயர்போன தாயிஃப் மக்காவுக்கு அண்மையிலேயே உள்ளது. இப்ராஹீம் நபியின் பிரார்த்தனையில், புனித ஆலயத்தின் அருகே வேளாண்மையற்ற பள்ளத்தாக்கு ஒன்று குறிக்கப்படுகிறது. ஆலிவுத் தோப்பைத் தேடும் கண்ணுக்கு இப்பள்ளத்தாக்கு புலப்படாமற் போனது வியப்பே.

இனி அறுபது ஆண்டு மௌனம் என்பதைப் பார்ப்போம். ஹிஜ்ரி 22, அதாவது கி.பி. 643ஆம் ஆண்டுத் தேதியிட்ட பாப்பிரஸ் சீட்டு ஒன்று வியன்னாவிலுள்ள நூலகம் ஒன்றில் இருக்கிறது. எகிப்தில் முஸ்லிம் படைக்காக 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதற்கான ரசீது அது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டது, பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்குவது. சவூதி நாட்டு அல்உலா அருகே பாறையில் ஸுஹைர் என்பார், உமர் (ரலி) மறைந்த காலத்தில், இருபத்து நான்காம் ஆண்டில் தாம் எழுதியதாகப் பொறித்திருக்கிறார். 634இல் காஸாவுக்கு அருகே உரோமருக்கும் முஹம்மதின் அரபியருக்கும் நிகழ்ந்த போரைச் சிரியாக் மொழிக் கிறிஸ்தவக் குறிப்பொன்று ஏறத்தாழ 640இலேயே பதிவு செய்தது. அந்த ஏடு இருப்பது இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில்! 660களைச் சார்ந்த ஆர்மீனிய வரலாறு ஒன்றோ, அண்ணலாரை வணிகர் என்றும் இப்ராஹீமின் இறைவனை அறிவித்தவர் என்றும் அறிமுகம் செய்கிறது. இவை நம்மவர் பிற்காலத்தில் எழுதியவை அல்ல. இவை முழு வரலாற்றையும் நிறுவிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மௌனம் என்ற சொல் பொருந்தாது என்பதற்கு இவை போதும்.

மேலும், ஹாலண்டின் ஐயம் புதியதன்று. 1977இல் பட்ரிசியா குரோனும் மைக்கேல் குக்கும் ‘ஹாகரிஸம்’ என்ற நூலில் இதனினும் கடுமையாக ஐயுற்றார்கள். அந்தக் குரோன் அம்மையாரே பின்னர் எழுதிய கட்டுரையில், நபியவர்கள் வாழ்ந்ததிலும், திருக்குர்ஆன் வசனங்கள் அவர்கள் மொழிந்தவை என்பதிலும் பெரிதும் ஐயமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார். படத்தோடு ஒட்டி வெளியான ஹாலண்டின் நூலைக் கார்டியன் நாளிதழில் கடுமையாகக் குறைகூறியவர் பவர்சாக் என்னும் முஸ்லிமல்லாத வரலாற்றறிஞர். கூக்குரலில் இவையெல்லாம் நம்மவர் காதில் விழவேயில்லை.

கிறிஸ்தவ அறிஞர் ஒருவரின் செயல் இங்கு நினைவுக்கு வருகிறது. 2006 ஜனவரியில் அதே சானல் 4, ரிச்சர்டு டாக்கின்ஸ் வழங்கிய ‘எல்லாத் தீமைக்கும் வேர்?’ என்ற படத்தை ஒளிபரப்பிற்று. அது எல்லாச் சமயங்களையும் ஒருங்கே தாக்கியது. அதற்காக அலிஸ்டர் மெக்ராத் என்னும் இறையியலாரைப் பேட்டி கண்டு, பின் படத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவர் 2007இல் டாக்கின்ஸின் நூலுக்கு மறுப்பாகத் தாமே ஒரு நூல் வெளியிட்டார். நபிமொழி அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நாணயத்தையும் நினைவாற்றலையும் துருவிய இமாம்களின் வழிவந்த நமக்கு இது எட்டாத காரியமா? இப்னு இஸ்ஹாக்கை முதன்முதல் குறைகூறியவர் ஹாலண்டு அல்லர். மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் அவரைக் குறைகூறியிருக்கிறார்கள்.

2015 ஜூலையில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த திருக்குர்ஆன் ஏடுகளின் ரேடியோ கார்பன் சோதனை முடிவை அறிவித்தது. தோலின் காலம் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்றார்கள். உடனே நம்மவர் பலர் ஹாலண்டு தோற்றார் என்று கொண்டாடினர். மூன்றாண்டுக்கு முன் மேனாட்டு ஆராய்ச்சி முறையையே சதி என்றவர்களும் அக்கொண்டாட்டத்தில் இருந்தார்கள். சோதனை காட்டுவது விலங்கு இறந்த காலத்தையே அன்றி மை பட்ட காலத்தை அன்று. அக்கணக்கின் முற்பகுதி அண்ணலாரின் பிறப்புக்கும் முந்தியது என்பதைக் கொண்டு வேறு சிலர் வேறு கதை கட்டவும் முனைந்தார்கள். பிள்ளைக்கு அந்த ஏட்டின் படத்தைக் காட்டும் தந்தை, இந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்லட்டும்.