மானுக்கு வரைந்த எல்லை

கோடியக்கரைச் சரணாலயம் 1967 ஜூன் 13 அன்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தது வெளிமானுக்காக. இந்த ஒரு தகவலை மனத்தில் இருத்திக்கொண்டால் பிற்காலத்துக் குழப்பங்களில் பாதி விளங்கிவிடும். மானுக்குப் புல்வெளி வேண்டும், ஒதுங்கக் காடு வேண்டும், குடிக்கக் குட்டை வேண்டும். எல்லையும் அதற்கேற்ப மேட்டு நிலத்தையும் உலர் பசுமைமாறாக் காட்டையும் சுற்றி வரையப்பட்டது. மான் சரணாலயமாகப் பார்த்தால் அது கோளாறில்லாத வடிவம். பறவைகளோ அந்த எல்லைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் இரை தேடிக்கொண்டிருந்தன. பின்னாளில் பெயரில் பறவைகள் சேர்ந்தன, பரப்பும் கூடியது. எல்லை விரிந்த அளவுக்கு எண்ணம் விரிந்ததா என்பதே திறனாய்வுக்குரிய கேள்வி.

எந்த அளவுகோலால் அளப்பது? வழக்கமாக நாம் கையிலெடுப்பது தலைக்கணக்கு. பறவை கூடினால் வெற்றி, குறைந்தால் மழை பொய்த்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வலசை வரும் பறவையின் தொகையில் சைபீரியத் துந்திரத்தின் கோடைக்கும் பங்குண்டு, வழியிலுள்ள ஈரநிலங்களின் கதிக்கும் பங்குண்டு. அவற்றின் பெருமையையோ பழியையோ வேதாரண்யம் வட்டத்தின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. உள்ளூர் நிர்வாகம் பதில் சொல்லக் கடமைப்பட்டது நீருக்கு: பறவை வந்திறங்கும் மாதங்களில் அதற்கேற்ற ஆழத்திலும் உப்பிலும் நீர் இருந்ததா? கொசு உள்ளான் ஒன்று சேற்றில் இரை தேடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவுகோலின் கறார்த்தனம் புரியும். அதன் காலே ஒரு விரல் நீளம்தான். நீர் அதைத் தாண்டி ஏறினால் அந்த இடம் அதற்கு இல்லை. நீர் வற்றிச் சேறு இறுகிப்போனாலும் இல்லை, அலகு இறங்காது. முழங்கால் ஆழத்தில் நின்று, தலையைக் கவிழ்த்து, நீரை வடிகட்டி உண்ணும் பூநாரைக்கு வேறு கணக்கு. ஒரே சதுப்பு இருவருக்கும் இடம் தரவேண்டுமென்றால் நீர் பல ஆழங்களில் பரவி நிற்கவேண்டும்.

முதலில் நிறையைச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது பெரிது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இங்கே நடத்திவரும் வளையமிடும் பணிக்கு இந்தியப் பறவையியலில் ஒப்புமைகள் மிகச் சில. சாலிம் அலியின் அக்கறையில் முளைத்து, எஸ். பாலச்சந்திரன் போன்றோரின் பல பத்தாண்டு உழைப்பில் வளர்ந்தது அது. இருட்டில் மென்வலை விரித்து, இருபத்தைந்து கிராம்கூடத் தேறாத பறவையை அடிபடாமல் எடுத்து, இறக்கையையும் அலகையும் அளந்து, எடை பார்த்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுவிக்கும் வேலை. இதில் கைத்திறனும் வேண்டும், பதிவு ஒழுங்கும் வேண்டும். பீகாரின் மீர்ஷிகார் மரபு வலையர்களின் பிடிநுட்பத்தை ஆய்வுக்குத் திருப்பிக்கொண்டது இந்த மரபின் தனிச் சிறப்பு. முறைமையில் சமரசம் இல்லாததால்தான், 1980களில் திரண்ட கூட்டங்களோடு ஒப்பிடப் பிற்காலத் தொகை வெகுவாகச் சரிந்திருப்பதை நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. சரிவைத் துல்லியமாகப் பதிந்ததும் சாதனைதான். ஆனால் அந்த அறிவு மதகடிக்குப் போய்ச் சேரவில்லை. அறிக்கை ஒரு துறைக்குப் போகிறது, நீர் இன்னொரு துறையின் கையில் இருக்கிறது.

நீரின் வரலாறு நீளமானது. இந்தச் சதுப்பு காவிரியின் கடைமடைக்கும் கடைமடை. அடப்பாறு, வளவனாறு போன்றவற்றின் வழியே வரும் நன்னீரும், ஓடைகளில் ஏறும் கடல்நீரும், வடகிழக்குப் பருவமழையும் கலந்து உருவாகும் உப்புச் சமநிலைதான் இதன் உயிர். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் ஆற்றின் நீரும் வண்டலும் பழைய அளவில் இங்கு வருவதில்லை. டெல்டா உழவரே தண்ணீருக்குத் தவிக்கையில் உள்ளானுக்காக வாதாடுவது எளிதல்ல, நியாயமும் பல பக்கம் உண்டு. எனினும் சரணாலயத் திட்டமொன்று இந்தக் கேள்வியைத் தன் முதல் பக்கத்திலேயே எழுப்பியிருக்கவேண்டும்.

சதுப்பை ஒட்டிய உப்பளங்களைப் பற்றிய விவாதத்தில் இரு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. 1930இல் ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்து வந்தார் என்பதே இம்மண்ணுக்கும் உப்புக்கும் உள்ள உறவு புதிதல்ல என்பதைக் காட்டும். பெரிய உப்பளங்களின் ஆழம் குறைந்த நீர்த்தேக்கங்களில் வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் மேய்கின்றன. சதுப்பு வறளும் மாதங்களிலும் அங்கே நீர் நிற்கிறது. இதை மறைக்கும் விமர்சனம் நேர்மையற்றது. ஆனால் அந்த நீரின் ஆழத்தையும் அடர்த்தியையும் தீர்மானிப்பது உப்பு விளைச்சல். பறவைக்கு அதில் கிடைப்பது தற்செயலான பங்கு. வரப்புகள் சதுப்பின் இயல்பான நீரோட்டத்தைத் துண்டாடுகின்றன. உப்பு வாரிய பின் மிஞ்சும் கசப்புநீர் வடியும் இடத்தில் புழுக்களும் இறால்களும் பிழைப்பது கடினம். தற்செயலை வாழிடமென்று கணக்கில் எழுதிக்கொள்ளும் திட்டம், தன் வேலையை உப்பளத்துக்குக் குத்தகை விட்டதாகத்தான் பொருள்.

2002 ஆகஸ்டில் கோடியக்கரை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. 38,500 ஹெக்டேர். 2022 வரை தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் தளம் இதுதான். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை சேர்த்து முழு ஈரநிலத்தையும் ஒரே அலகாகக் கண்டது அந்த அறிவிப்பின் நிறை. 1967இன் எல்லையில் இல்லாத ஒருமை அதில் இருந்தது. ஆனால் அதே ஆண்டில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சீர்கெட்ட தளங்களுக்கான மான்த்ரூ பதிவேட்டில் 1993இல் இடம்பெற்ற சிலிகா, 2002இல் அதிலிருந்து விடுபட்டது. காரணம் 2000இல் கடலுக்குத் திறந்த புதிய முகத்துவாரம். உப்பளவு மீண்டது, மீன்வளம் மீண்டது, மீனவர் வாழ்வும் அதோடு நிமிர்ந்தது. அங்கும் குறைகள் இல்லாமலில்லை, ஆனால் அங்கே ஏரிக்கென ஓர் ஆணையம் இருந்தது, அது நீரில் கைவைத்தது. இங்கே பட்டம் மட்டும் கிடைத்தது. வனத்துறையிடம் மதகு இல்லை, மதகு வைத்திருப்பவரிடம் பறவைக் கணக்கு இல்லை.

காட்டுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சீமைக் கருவேலம் புல்வெளியைத் தின்கிறது. மட்டக் குதிரைகள் மானின் மேய்ச்சலைப் பங்கு போடுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டைப் புரட்டிப் போட்டது. அதை யார் தலையிலும் கட்ட முடியாது. கருவேலத்தை அகற்றும் பணி நடக்கிறது, ஆனால் வெட்டிய பின் புல்லைப் பேணும் தொடர்ச்சி இல்லாவிட்டால் அது மறுபடி துளிர்க்கும். பாலை மரங்களடர்ந்த பழங்காடு இன்னும் நிற்பதும், வெளிமான் இன்னும் துள்ளுவதும் வேலியின் பலன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனவே தீர்ப்பைப் பிரித்தே சொல்லவேண்டியிருக்கிறது. ஆய்வுக்களமாகக் கோடியக்கரை முதல் தரம். மான் காடாக, குறைகளோடு தேர்ச்சி. வலசைப் பறவைகளின் சரணாலயமாக அது முற்றுப்பெறாத வரைவு. சதுப்பின் நீர்மட்டமும் உப்பளவும் ஒரே பொறுப்பில் வந்து, பறவைக் கணக்கோடு சேர்த்து ஆண்டுதோறும் பொதுவில் வைக்கப்படும் வரை இந்த மதிப்பீட்டை உயர்த்தக் காரணமில்லை.