நூறு கிரெடிட் வாடகை: டிராவலர் ஆட்டத்தின் துறைமுகக் கணக்கு

1977ல் வந்த மார்க் மில்லரின் 'டிராவலர்' விண்வெளி ஆர்.பி.ஜி.யில் கப்பல் கடன், எரிபொருள், மாலுமி சம்பளம் எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. காரைக்குடிக்காரனுக்கு வேறென்ன வேணும்? ஆனா துறைமுகக் கட்டணம் மட்டும் இடிக்குது.

விதி இதுதான்: இறங்கி ஆறு நாள் வரை நிற்க 100 கிரெடிட், அப்புறம் நாளுக்கு 100. 200 டன் கப்பலுக்கும் 5000 டன் கப்பலுக்கும் ஒரே ரேட்!

கட்டணம் ரொம்பக் குறைவுன்னு சொல்றவங்க உண்டு. என் குறை அது இல்லை. 200 டன் ஃப்ரீ டிரேடரின் விலை 3.708 கோடி கிரெடிட். மாதத் தவணை அதில் 240ல் ஒரு பங்கு, அதாவது 1,54,500. நாளுக்கு 5,150. கப்பல் சும்மா நின்னாலும் தவணை நிக்காது. நிஜமான துறைமுகச் செலவு அதுதான். வட்டிக்கடை வச்ச நகரத்தார் பூமியில் இதை விளக்க வேண்டியதில்லை.

குறை அளவில்தான். தூத்துக்குடியில் பெர்த் வாடகை கப்பலின் ஜி.ஆர்.டி.யையும் நிற்கும் நேரத்தையும் வச்சுக் கணக்கிடப்படுது. அதிக இடத்தை அடைச்சா அதிகம் கொடு.

பின்னால் வந்த மங்கூஸ் பதிப்பு பகடை உருட்டிக் கட்டணம் போடுது. இது இன்னும் மோசம். 1244ல் காகதீய கணபதிதேவர் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டில் கடல் வணிகர்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன? சரக்கைப் பறிக்க மாட்டோம், நிர்ணயித்த சுங்கம் மட்டும்தான். வியாபாரிக்கு முன்கூட்டியே தெரிஞ்ச கட்டணம்தான் முக்கியம்.

என் திருத்தம்: 100 டன்னுக்கு 50 கிரெடிட், ஆறு நாள் விதி அப்படியே. ஃப்ரீ டிரேடருக்குப் பழைய 100தான்; 5000 டன்காரன் 2,500 கட்டட்டும்.